ஓட வைக்கிறது பாதி வேலை: ஓசூர்ல பழைய செயின்சா ரிப்பேர்

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்.)

நான் ஓசூர்லருந்து பேசறேன். சிப்காட்ல ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில குவாலிட்டி செக்ஷன்ல இருக்கேன். வாரத்துல ஆறு நாள், மத்தவங்க செஞ்ச பாகத்தை அளந்து பார்த்து, சரி, தப்புன்னு பிரிக்கிறது வேலை. ஞாயித்துக்கிழமை மட்டும் எனக்குன்னு ஒரு வேலை வெச்சிருக்கேன். பழைய செயின்சா, அதாவது மரம் அறுக்கிற மெஷின், அதைப் பிரிச்சு, சரி பண்ணி, திரும்பப் பூட்டறது.

வீட்டுக்குப் பின்னாடி ஷீட் போட்ட ஒரு சின்ன ரூம் இருக்கு. இப்போதைக்கு அங்க பதினோரு மெஷின். ஆறு ஓடும். நாலு பிரிச்ச நிலையில டப்பாவுல கிடக்கு. பதினோராவது நல்லாவே ஓடும், ஒரு இழுப்புல ஸ்டார்ட் ஆகும், ஆனா அதை யாரும் வேலைக்கு எடுத்துட்டுப் போக விட மாட்டேன். அது ஏன்னு இந்த எபிசோடு முடியறதுக்குள்ள சொல்லிடறேன்.

ஆபீஸ்ல இதைச் சொன்னா முதல்ல வர்ற கேள்வி, "மரம் வெட்டற மெஷினா? ஏன்யா, வேற பொழுதுபோக்கே கிடைக்கலையா?" நியாயமான கேள்விதான். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. புயல்ல ரோட்டுல விழுந்த மரத்தை எடுக்கறதுக்கு இதே மெஷின்தான் வருது. கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு வெச்சிருக்கிறவங்க, வயசாகி அடர்ந்துபோன மரத்தை வெயில் உள்ள இறங்கற மாதிரி கவாத்து பண்றதுக்கும் இதேதான். நான் மரம் வெட்டறதில்லை. வெட்டறவங்க கையில இருக்கிற மெஷினைத்தான் பார்க்கிறேன்.

வைத்தியர் கையிலருந்து காட்டுக்கு

இந்த மெஷினோட பூர்வீகம் கொஞ்சம் விசித்திரம். சங்கிலியில பல் வெச்சு அறுக்கலாம்ங்கிற யோசனை காட்டுல பிறக்கல, மருத்துவத்துல பிறந்தது. 18ஆம் நூற்றாண்டு கடைசியில ஸ்காட்லாந்துல ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரேன்னு ரெண்டு மருத்துவர்கள். பிரசவம் சிக்கலாகும்போது இடுப்பு எலும்பு இணைப்பை வெட்டறதுக்கும், கெட்டுப்போன எலும்பை எடுக்கறதுக்கும் கையால இழுக்கிற ஒரு மெல்லிய பல் சங்கிலியைப் பயன்படுத்தினாங்க. 1830 வாக்குல ஜெர்மனியில பெர்ன்ஹார்ட் ஹைனேன்னு ஒருத்தர், ஒரு தகட்டைச் சுத்தி சங்கிலி ஓடற மாதிரி, கைப்பிடியைச் சுத்தி இயக்கற எலும்பு ரம்பம் செஞ்சார். அதோட படத்தைப் பார்த்தா இன்னைக்கு இருக்கிற செயின்சாவோட குட்டின்னு சொல்லிடுவீங்க.

மரத்துக்கு வந்தது ரொம்பப் பின்னாடி. ஜெர்மனியில ஆந்திரேயாஸ் ஷ்டீல் 1926-ல மின்சாரத்துல ஓடற சங்கிலி ரம்பம் செஞ்சார். 1929-ல பெட்ரோல்ல ஓடறது வந்தது. எடை 46 கிலோ. ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் பிடிச்சாதான் வேலை நடக்கும். ஒரே ஆள் தூக்கி வேலை செய்யற பெட்ரோல் மெஷின் அவங்ககிட்டருந்து 1950-லதான் வருது.

எனக்குப் பிடிச்ச கதை சங்கிலியோடது. அமெரிக்காவுல ஓரிகன் பகுதியில ஜோசப் காக்ஸ்னு ஒரு மரவெட்டி. அப்போ இருந்த சங்கிலிப் பல் எல்லாம் கைரம்பப் பல் மாதிரி நேரா இருக்கும். சீக்கிரம் மழுங்கிடும், அரம் போட்டு மாளாது. 1946-ல அவர் ஒரு மரக்கட்டையில வண்டோட புழு ஒண்ணு துளைச்சுக்கிட்டுப் போறதைப் பார்க்கிறார். அது இடமும் வலமுமா மாத்தி மாத்திக் கடிச்சு, நாருக்குக் குறுக்கேயும் நெடுக்கேயும் சுலபமாப் போகுது. அந்தத் தாடையைப் பார்த்து 'ட' மாதிரி மடங்கின பல்லை ஒண்ணு இடது, ஒண்ணு வலதுன்னு வெச்சு ஒரு சங்கிலி செஞ்சார். 1947-ல அதுக்காகவே கம்பெனி ஆரம்பிச்சார். நீங்க இன்னைக்குக் கடையில வாங்கற செயின்ல இருக்கிற பல்லோட அடிப்படை அதுதான்.

ஏன் ஓசூர்?

செயின்சா உள்ள இருக்கிறது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ஓசூருக்கும் டூ ஸ்ட்ரோக்குக்கும் பழைய உறவு. 1980-ல டிவிஎஸ் 50 இங்கருந்துதான் வெளியே வந்தது. ரெண்டு பேர் உட்கார்ற மொபெட் நம்ம நாட்டுக்கு அப்போ புதுசு. 1984-ல சுசுகியோட சேர்ந்து 100 சிசி பைக்கும் இங்கருந்தே வந்தது, அதுவும் டூ ஸ்ட்ரோக். உங்க தாத்தாவோ அப்பாவோ பங்க்ல பெட்ரோல் போடும்போது கூடவே ஆயில் கலக்கச் சொன்னது ஞாபகம் இருக்கும். அந்த நீலப்புகையும் அந்த வாசனையும் இந்த ஊர்ல ஒரு தலைமுறைக்குச் சோறு போட்டிருக்கு.

இப்போ நிலைமை வேற. எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக்கா 2015-ல வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் ஒவ்வொரு படியா இறுக, ரோட்டு வண்டியில டூ ஸ்ட்ரோக் காணாமப் போச்சு. அது போனது சரிதான்னு நான் நினைக்கிறேன். எரியாத பெட்ரோல்ல ஒரு பங்கை அப்படியே சைலன்ஸர் வழியா வெளியே தள்ளற எஞ்சின் அது. இன்னைக்கு நம்ம மாவட்டத்துல பேசப்படறது எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். ஓசூர்ல ஏத்தர், போச்சம்பள்ளியில ஓலா, டிவிஎஸ்ஸும் ஐக்யூப் செய்யுது.

ஆனா எஞ்சின் போனாலும் கை இங்கதான் இருக்கு. ரிட்டயர் ஆன ஃபிட்டர், லேத் ஆபரேட்டர், எஞ்சின் டெஸ்ட் பண்ணவங்க எல்லாம் தெருவுக்கு ரெண்டு பேர் இருக்காங்க. அப்படி ஒருத்தர்தான் எனக்கு ஆசான். வயசு எழுபதுக்கு மேல. வீட்டுல தெலுங்கு, என்கிட்ட தமிழ், எஞ்சின்கிட்ட கன்னடத்துல திட்டுவார். ஒரு அளவு சொன்னா புஷ் கடைஞ்சு தர்ற லேத் பட்டறை இங்க பத்து நிமிஷத்துல. கிடைக்காததுக்கு பெங்களூர் எஸ்.பி. ரோடு ஒரு பஸ் தூரம். இந்த ஹாபிக்கு இதைவிடத் தோதான ஊர் கிடைக்கறது கஷ்டம்.

டேபிள் மேல

ஒரு செத்த மெஷின் கைக்கு வருதுன்னு வைங்க. பழைய இரும்புக் கடையில எடை போட்டு வாங்கினதா இருக்கலாம், யாரோ தோட்டத்துல மூலையில போட்டு வெச்சதா இருக்கலாம். முதல்ல நாலு மணி நேரம் சுத்தம் பண்றதுதான். ஆயிலும் மரத்தூளும் சேர்ந்து கூலிங் ஃபின் நடுவுல களிமண் மாதிரி அடைச்சிருக்கும். காத்துப் போகாம சூடாகி செத்த மெஷினே நிறைய.

அப்புறம் மூணு கேள்வி. அமுக்கம் இருக்கா? ஸ்பார்க் இருக்கா? பெட்ரோல் போகுதா?

கயிறு கைப்பிடியைப் பிடிச்சு மெஷினைத் தொங்கவிட்டா, அமுக்கம் நல்லா இருக்கிற எஞ்சின் சட்டுன்னு இறங்காது. சர்ருன்னு கீழ வந்தா உள்ள விஷயம் இருக்கு. சைலன்ஸரைக் கழட்டி, அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க, பிஸ்டன் தெரியும். வழவழன்னு இருந்தா சந்தோஷம். நெடுக்குக்கோடு கோடா கீறல் இருந்தா எஞ்சின் ஒரு தடவை பிடிச்சிருக்கு, அதாவது சீஸ் ஆகியிருக்கு.

இந்த இடத்துல மொபெட் தெரிஞ்சவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய மொபெட்ல சிலிண்டர் தேஞ்சா போரிங் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுடலாம். செயின்சாவுல பெரும்பாலும் அலுமினிய சிலிண்டர் உள்ள ஒரு மெல்லிய கடினப் பூச்சு இருக்கும். போர் பண்ணா பூச்சு போயிடும், சிலிண்டரும் போயிடும். பூச்சு மேல ஒட்டின அலுமினியத்தை மட்டும் நைஸ் எமரியால பொறுமையா எடுத்துட்டு, புது பிஸ்டனும் ரிங்கும் போடணும். பூச்சே உரிஞ்சிருந்தா வேற சிலிண்டர் தேட வேண்டியதுதான்.

ஆனா ஏன் பிடிச்சதுன்னு கண்டுபிடிக்காம புது பிஸ்டன் போட்டா, அடுத்த மாசம் அதுவும் போகும். குவாலிட்டி வேலையில தினமும் பேசறது இதைத்தான். உடைஞ்ச பாகத்தை மாத்தறது ஒரு வேலை, உடைச்ச காரணத்தை மாத்தறது இன்னொரு வேலை.

டூ ஸ்ட்ரோக்ல ஒரு நுணுக்கம் இருக்கு. பிஸ்டனுக்குக் கீழ இருக்கிற கிராங்க் அறையே ஒரு பம்பு. அதுதான் பெட்ரோல் கலந்த காத்தை உறிஞ்சி மேல தள்ளுது. அந்த அறையோட ரெண்டு பக்கமும் ரப்பர் ஆயில் சீல். அதுல ஒண்ணு வறண்டு வெடிச்சா, வெளிக்காத்து உள்ள போகும். கலவையில பெட்ரோல் குறையும், அதோட கலந்திருக்கிற ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும். வெளியிலருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது.

கண்டுபிடிக்கறதுக்கு என் ஆசான் சொல்லித்தந்த வழி இது. சைக்கிள் டியூப்ல ரெண்டு துண்டு வெட்டி, உள்ள வர்ற வழியையும் சைலன்ஸர் வழியையும் அடைச்சு, கைப்பம்பால அரை பார் அழுத்தம் ஏத்தி, மேல சோப்புத் தண்ணி தடவணும். எங்க முட்டை விடுதோ அங்க ஓட்டை. கையில ஒரு வேக்வம் பம்பு இருந்தா எதிர்ப்பக்கமும் பார்க்கணும். சில சீல் வெளியே தள்ளும்போது பிடிக்கும், உள்ள இழுக்கும்போது விட்டுடும்.

சீலுக்கும் பேரிங்குக்கும் கம்பெனி பேர் சொல்லித் தேட வேண்டியதில்லை. சீல்னா உள் விட்டம், வெளி விட்டம், கனம்னு மூணு அளவு போதும். பேரிங்னா மேலயே எண் இருக்கும். என் மெஷின் ஒண்ணுல இருந்தது 6202. உள்ள 15 எம்எம், வெளியே 35, அகலம் 11. உலகத்துல எங்க வாங்கினாலும் 6202 அதே அளவுதான். உங்க வீட்டு சீலிங் ஃபேன்ல கூட அது இருக்கலாம். அதுக்காக ஃபேன் பேரிங்கைப் போட்டுடாதீங்க. செயின்சா கிராங்க் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுத்துக்கு மேல சுத்தும், சூடாகி விரியும். அதுக்கு உள் இடைவெளி கொஞ்சம் கூடுதலா இருக்கிற சி-3 ரகம் வேணும். அளவு ஒண்ணுதான், வேலை வேற.

அடுத்தது கார்புரேட்டர். மொபெட் கார்புரேட்டர்ல மிதவை இருக்கும், நிமிர்ந்து இருந்தாதான் வேலை செய்யும். செயின்சாவைச் சாய்ச்சும் கவுத்தும் பிடிக்கணும், அதனால மிதவைக்குப் பதிலா மெல்லிய ரப்பர் சவ்வு, டயாபிரம். வெத்தலை மாதிரி மெதுவா இருக்கணும். பழசுல பாதி மெஷின்ல அது காய்ஞ்ச அப்பளமா இருக்கும்.

இங்கதான் இ-20 பெட்ரோல் விஷயம் வருது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரியில பக்கத்து பெங்களூர்லதான் அறிமுகம் பண்ணாங்க, இப்போ நாடு முழுக்க அதுதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய காலத்து ரப்பர் அதைத் தாங்கறதுக்காகச் செஞ்சதில்ல. கார், பைக்ல தினமும் எரிஞ்சு தீர்ந்துடும். சீசனுக்கு மட்டும் எடுக்கிற செயின்சாவுல மூணு மாசம் டேங்க்ல நிக்கும். அதனால என் பழக்கம் இதுதான்: கலந்த பெட்ரோலை மாசக்கணக்கா வைக்கறதில்ல. வேலை முடிஞ்சா டேங்க்கைக் காலி பண்ணி, கார்புரேட்டர் வறண்டு எஞ்சின் தானா நிக்கற வரைக்கும் ஓட விடறது. டியூபும் டயாபிரமும் மாத்தும்போது எத்தனால் தாங்கற ரகமான்னு கேட்டு வாங்கறது. ஆயில் அளவு அந்தந்த மெஷின் சொல்றபடி. 50-க்கு 1 னா லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 னா 40 மில்லி. அளவுக் குப்பி வெச்சுக்கங்க. கண்ணளவு வேண்டாம்.

கடைசியில டியூனிங். அதுக்கு மீட்டர் இருக்கு, ஆனா என் ஆசான் காதால பண்ணுவார். ஃபுல் ஆக்ஸிலரேட்டர்ல வெட்டாம சும்மா பிடிச்சா, சத்தம் கொஞ்சம் தடுமாறணும், பொருபொருன்னு. பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாப் போகுதுன்னு அர்த்தம். கட்டையில வெச்ச உடனே அந்தத் தடுமாற்றம் போய் சத்தம் தெளியணும். சும்மா பிடிக்கும்போதே விசில் மாதிரி சுத்தமா, கூர்மையா கேட்டா, கேட்க நல்லாத்தான் இருக்கும், எஞ்சின் உள்ள வறண்டு வெந்துக்கிட்டிருக்கும். "அழகா பாடுதுன்னா பயப்படு தம்பி"ன்னு சொல்லுவார். நான் ரொம்ப நாள் பக்கத்துல நின்னு கேட்டுதான் அந்த வித்தியாசம் பிடிபட்டது. இதை வீடியோ பார்த்துக் கத்துக்க முடியல, போன் மைக்ல அந்த வித்தியாசம் பாதி வர்றதில்ல.

சங்கிலி

மெஷின் இழுக்கலைன்னு வர்ற புகார்ல நிறைய, எஞ்சின் சம்பந்தப்பட்டதே இல்ல. மழுங்கின செயின். எப்படித் தெரியும்? வர்ற தூளைப் பாருங்க. சீவல் மாதிரி துண்டு துண்டா வந்தா செயின் கூர்மையா இருக்கு. மாவு மாதிரி வந்தா மழுங்கிடுச்சு. மழுங்கின செயினை வெச்சு அமுக்கி அமுக்கி வெட்டினா எஞ்சின் சூடாகும், பார் தேயும், கை நடுங்கும், ஆள் களைச்சுப் போவார். களைச்ச கையிலதான் விபத்து.

கூர் வைக்க உருண்டை அரம். பல்லோட அளவுக்குத் தகுந்த அரம் வேணும். எட்டுல மூணு அங்குல பிட்ச் செயினுக்கு வழக்கமா 5.2 எம்எம். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே கோணம், பெரும்பாலும் 30 டிகிரி, ஒரே எண்ணிக்கையில இழுப்பு, உள்ளருந்து வெளிப்பக்கம் மட்டும். இடது பல்லெல்லாம் நீளமும் வலது பல்லெல்லாம் குட்டையும் ஆயிட்டா மெஷின் நேரா வெட்டாது, ஒரு பக்கமா வளைஞ்சு போகும்.

ஒவ்வொரு பல்லுக்கு முன்னாடியும் ஒரு சின்ன மேடு இருக்கும். பல் ஒரு கடிக்கு எவ்வளவு ஆழம் போகலாம்னு அதுதான் கட்டுப்படுத்துது. பல்லைவிட அது சுமார் 0.65 எம்எம் தாழ்ந்திருந்தா போதும். "இன்னும் வேகமா வெட்டணும்"னு சில பேர் அந்த மேட்டை ஒரேயடியா ராவிடுவாங்க. அப்போ பல் அளவுக்கு மீறிக் கடிக்கும், மெஷின் குதிக்கும்.

பாருக்குப் போற ஆயிலுக்கு வண்டி வேஸ்ட் ஆயிலை ஊத்தற பழக்கம் இங்க எல்லா இடத்துலயும் இருக்கு. காசு மிச்சம்னு தோணும். அதுல இரும்புப் பொடி இருக்கு, ஆயில் பம்பையே தின்னுடும். மண்ணுலயும் மரத்துலயும் தெளிக்கறதும் அதுதான்.

நிறுத்தறது

இப்போ பதினோராவது மெஷின் விஷயத்துக்கு வர்றேன்.

செயின்சாவுல கிக்பேக்னு ஒண்ணு இருக்கு. பாரோட நுனியில மேல்பாதி எதுலயாவது இடிச்சா, சங்கிலி அங்க மாட்டிக்கிட்டு, மொத்த மெஷினும் உங்க முகத்தைப் பார்த்து மேல திரும்பும். சங்கிலி நொடிக்கு இருபது மீட்டர் அளவுல ஓடிக்கிட்டிருக்கும். கண் இமைக்கறதுக்குள்ள முடிஞ்சுடும். சுதாரிச்சுப் பிடிக்கறதுங்கிற பேச்சே இல்ல. மாமரம் மாதிரி கிளைக்குள்ள கிளை இருக்கிற மரத்துல, நுனி எதுல இடிக்கும்னு பார்த்துக்கிட்டே இருக்க முடியாது.

அதுக்குத்தான் 1970-களோட தொடக்கத்துல செயின் பிரேக் வந்தது. முன் கைப்பிடிக்கு முன்னாடி ஒரு தடுப்பு இருக்கும் பாருங்க, அது வெறும் கைக்காப்பு இல்ல. மெஷின் எகிறும்போது மணிக்கட்டு அதுல பட்டாலோ, இல்ல அந்த வேகத்துல தடுப்பு தன் எடையாலயே முன்னாடி சாய்ஞ்சாலோ, ஒரு இரும்புப் பட்டை கிளட்ச் டிரம்மை இறுக்கிப் பிடிக்கும். சங்கிலி நொடியில ஒரு சின்னப் பங்குல நின்னுடும். அதுக்கு முந்தின மெஷின்கள்ல இது கிடையாது. பெரும்பாலானதுல இப்போ புதுசாப் பொருத்தவும் முடியாது.

ரெண்டு வருஷம் முன்னாடி, மாங்காய் சீசன் முடிஞ்ச சமயம். காவேரிப்பட்டணம் பக்கத்துலருந்து ஒரு அண்ணன் வந்தார். கவாத்து வேலைதான் தொழில். யாரோ சொல்லிக் கேட்டு, கோணிப்பையில ஒரு மெஷினோட வந்து நின்னார். கனமான பழைய மாடல், பிரேக் கிடையாது. ஸ்டார்ட் ஆகலை. பிரிச்சுப் பார்த்தா நான் மேல சொன்ன எல்லாமே இருந்தது: சீல் போச்சு, டயாபிரம் அப்பளம், ஃபிளைவீலுக்குக் கீழ பாயிண்ட் கருகிக் கிடந்தது. மூணு ஞாயித்துக்கிழமை ஆச்சு. நாலாவது வாரம் முதல் இழுப்புலயே எழுந்துச்சு. இந்த ஹாபியில அந்த நொடிக்கு ஈடே கிடையாது, சத்தியமா.

அவர் எடுத்துட்டுப் போக வந்தார். நான் சொன்னேன், "அண்ணா, இதை மரத்து மேல எடுத்துட்டுப் போகாதீங்க. இதுல பிரேக் இல்ல."

"பிரேக் எதுக்கு தம்பி? ஆஃப் பண்ண சுவிட்ச் இருக்கே."

"எகிறும்போது சுவிட்சைத் தேட நேரம் இருக்காதுண்ணா. ஆஃப் பண்ணாலும் சங்கிலி சுத்தித்தான் நிக்கும்."

"பத்து வருஷமா இதைத்தான் ஓட்டறேன். ஒண்ணும் ஆகலையே."

அதுக்கு என்ன பதில் சொல்றது? அவர் சொல்றது உண்மை. இந்த மெஷினைப் பத்தி அவருக்குத் தெரிஞ்சதுல கால்வாசி எனக்குத் தெரியாது. மெஷின் அவரோடது. ஒரு நாள் வேலை போனா ஒரு நாள் கூலி போச்சு. ஞாயித்துக்கிழமை ஏசி ஆபீஸ்லருந்து வந்து பொழுதுபோக்கா ஸ்பேனர் பிடிக்கிற நான், அவர் தொழிலை நிறுத்தறதா? அதே சமயம், செத்துக் கிடந்த மெஷினை எழுப்பி அவர் கையில கொடுக்கப் போறதும் நான்தானே. கம்பெனியில ஒரு பாகம் அளவுல தேறலைன்னா, லைன் நின்னாலும் சிவப்பு டேக் கட்டணும்னு சம்பளம் வாங்கறவன் நான்.

"வேற மெஷின் ஏதாவது இருக்காண்ணா வீட்டுல?"ன்னு கேட்டேன். தம்பிக்கு வாங்கின புது மாடல் ஒண்ணு இருக்கு, ஆனா அது "சும்மா சும்மா நின்னுடுது"ன்னார். அடுத்த வாரம் அதைக் கொண்டு வந்தார். பிரேக் இருக்கிற மெஷின். கவரைக் கழட்டினா, பிரேக் பட்டை முழுக்க மாம்பிசினும் தூளும் கெட்டியாகி, பட்டை டிரம்மை விட்டு விலகவே இல்ல. பிரேக் பாதி பிடிச்ச நிலையிலயே ஓடி டிரம் நீலம் பாரிச்சுப் போயிருந்தது. அதைத்தான் "நின்னுடுது"ன்னு சொல்லியிருக்கார். பிரேக்கே தொல்லைன்னு கழட்டி எறியற யோசனையிலயும் இருந்தாங்க. சுத்தம் பண்ணி, புதுப் பட்டையும் ஸ்பிரிங்கும் போட்டு, அவர் முன்னாடியே சோதிச்சோம். ஃபுல் வேகத்துல ஓடும்போது மணிக்கட்டால தடுப்பை முன்னாடி தள்ளினா, சங்கிலி டக்குனு நிக்குது. அவர் அதை ஏழெட்டுத் தடவை பண்ணிப் பார்த்தார். ஒண்ணும் பேசல. அப்புறம் "இது நிக்குது"ன்னு மட்டும் சொன்னார்.

பழைய மெஷினை வித்துடுங்கண்ணான்னு கேட்டேன். மாட்டேன்னுட்டார். முதல் சம்பாத்தியத்துல வாங்கினது, விக்க மாட்டேன், உன்கிட்டயே இருக்கட்டும்னார். சுவர்ல மாட்டி வெச்சிருக்கேன். வருஷத்துக்கு ஒரு தடவை வர்றார். ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி, சத்தம் கேட்டுட்டு, டீ குடிச்சுட்டுக் கிளம்பிடறார். அதுதான் பதினோராவது மெஷின்.

அதுக்கப்புறம் நான் ஒரு வரிசை வெச்சிருக்கேன். எந்த மெஷினும் என் ரூமை விட்டு வேலைக்குப் போகறதுக்கு முன்னாடி நாலு சோதனை. ஆக்ஸிலரேட்டரை விட்டா சங்கிலி நகரவே கூடாது. பிரேக் பிடிக்கணும். ஆஃப் சுவிட்ச் முதல் தடவையே அணைக்கணும். செயின் அறுந்தா பிடிக்கிற கொக்கி உடையாம இருக்கணும். இந்த நாலும் தேறின பிறகுதான் அது எவ்வளவு நல்லா வெட்டுதுன்னு பார்க்கிறது. யூடியூப்ல ரிப்பேர் வீடியோ எல்லாம் எஞ்சின் எழுந்து புகை விடற காட்சியோட முடியும். எனக்கு அது பாதி வீடியோ.

ஆரம்பிக்கணும்னா

அபார்ட்மெண்ட்ல இருந்தாலும் இதுல முக்கால்வாசி வேலை பண்ணலாம், சத்தம் போடாம. ஓடாத ஒரு மெஷினை வாங்குங்க. எஞ்சின் பிடிக்காம, கயிறு இழுத்தா சுத்தற மாதிரி பார்த்து வாங்குங்க. ஸ்டார் ஸ்குரூ, ஆலன் கீ செட், ஃபீலர் கேஜ், உருண்டை அரம், பழைய டூத் பிரஷ். கழட்டற ஒவ்வொரு கட்டத்துக்கும் போன்ல ஒரு போட்டோ. ஸ்குரூவை எல்லாம் ஒரே டப்பாவுல போடாதீங்க, ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி டப்பா.

பெட்ரோலை வீட்டுக்குள்ள வைக்காதீங்க. ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கறதுக்கு ஊருக்குள்ள ஒரு பட்டறை, இல்ல நண்பர் ஷெட்டு, பகல் நேரம். தளி, தேன்கனிக்கோட்டைன்னு காட்டு ஓரமா போய் சோதிச்சுப் பார்க்கலாம்னு நினைக்காதீங்க. அங்க செயின்சா சத்தம் கேட்டா வனத்துறை வந்து நிக்கும், நிக்கணும். கட்டை வெட்டிப் பார்க்கணும்னா, தெரிஞ்சவங்க மேற்பார்வையில, ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பு, கால் காப்பு, ஷூ எல்லாம் போட்டுதான். ஓட்டறதும் ரிப்பேர் பண்றதும் வேற வேற வித்தை. ரெண்டாவதுல எனக்குக் கொஞ்சம் தெரியும். முதலாவதுல நான் இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கேன்.

கடைசியா ஒண்ணு. உங்க தெருவுலயும் ரிட்டயர் ஆன ஒரு ஃபிட்டரோ லேத் ஆபரேட்டரோ இருப்பார், பெரும்பாலும் வாசல்ல பேப்பர் படிச்சுக்கிட்டு. ஓடாத மெஷின் ஒண்ணை எடுத்துட்டுப் போய் அவர் முன்னாடி வெச்சு, "சார், இது என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்"னு கேளுங்க. மீதியை அவர் பார்த்துப்பார். ஆனா சீக்கிரம் போங்க. என் ஆசானுக்கு இப்போ ஒரு காது சரியாக் கேட்கறதில்ல. இப்பவும் ஞாயித்துக்கிழமை வந்துடறார், நல்ல காதை மெஷின் பக்கம் திருப்பி உட்கார்றார்.